இணையரும் இணைய ஆட்டமும்

"மணமானவர்களுக்கு விளையாட்டு எதற்கு? அதிலும் கணவனும் மனைவியும் கணினி முன் அமர்ந்து, ஒருவர் வாளேந்திய வீரனாகவும் மற்றொருவர் மந்திரக்கோல் ஏந்திய மாயக்காரியாகவும் வேடம் புனைந்துகொண்டு, அரக்கனை வீழ்த்தப் புறப்படுவதாமே!" என்று கேட்டுச் சிரிப்பவர் நம்மில் பலர். சிரிக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது. விளையாட்டு என்பது கல்லூரிப் படியோடு நின்றுவிட வேண்டும். அதன்பின் ஆணுக்கு அலுவலகம், பெண்ணுக்கு அடுப்பும் அலுவலகமும், இருவர்க்கும் பொதுவாக வாடகைச் சீட்டும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் என்பதே அந்த எண்ணம். அதை நான் மறுக்கிறேன்.

நம் வீடுகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பல்லாங்குழி இருந்தது, அது பெண்களுக்கு. ஆடுபுலி ஆட்டம் இருந்தது. அது திண்ணையிலும் கோவில் மண்டபக் கல்லிலும் அமர்ந்த ஆண்களுக்கு. சீட்டுக் கட்டு மன்றத்துக்குப் போயிற்று, தாயக்கட்டை நடுக்கூடத்தில் பாட்டியிடம் தங்கியது. கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து விளையாடியது எந்நாள்? மணநாள் அன்று! குடத்து நீரில் மோதிரத்தைப் போட்டு, இருவர் கையையும் உள்ளே விடச் சொல்லி, யார் முதலில் எடுக்கிறார் என்று சுற்றத்தார் கூடி நின்று ஆரவாரம் செய்த அந்த ஒருநாள். பந்தல் பிரித்ததும் குடம் சமையலறைக்குத் திரும்பிற்று; ஆட்டமும் முடிந்தது. முன்னர் இப்படி இருக்கவில்லை. வையைப் புதுப்புனலில் மதுரை மக்கள் துணையோடு கூடி நீராடிய களிப்பைப் பரிபாடல் பேசுகிறது. இடையில் எப்போது இல்லறத்திலிருந்து விளையாட்டு வெளியேறியது என்று வரலாற்று மாணவர் யாரேனும் ஆராய்ந்து சொன்னால் நன்று. அறிவியல் மாணவனாகிய நான் அதில் கைவைக்கவில்லை.

இனி, இந்த ஆட்டம்தான் என்ன? அறியாதவர்க்காகச் சுருங்கச் சொல்கிறேன். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போன்ற இரு மாணவர்கள், ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்போர், பலர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய ஒரு கற்பனை உலகைக் கணினியில் அமைத்தனர். படம் ஏதுமில்லை, எல்லாம் எழுத்து. ‘கிழக்கே செல்’ என்று அடித்தால், கிழக்கே என்ன இருக்கிறது என்பதை வரிகளில் அது விளக்கும். அந்த விதையிலிருந்துதான் 2004-ல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட்’ போன்ற பெருமரங்கள் வளர்ந்தன. 2010-ல் அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் ஒரு கோடியே 20 இலட்சம் சந்தாதாரர் இருந்தனர். இத்தகைய உலகத்தில் ஒவ்வொருவரும் ஒரு வேடம் தாங்கி நுழைகிறார். அந்த வேடத்துக்கு உரிய திறமைகளை நாள்தோறும் உழைத்து வளர்க்கிறார். தனியாகச் செய்ய முடியாதவற்றைப் பிறரோடு கூடிச் செய்கிறார். இவ்வூரில் வந்து கதகளி கண்ட தோழர்க்கு இது எளிதில் விளங்கும். பச்சை பூசியவர் மேடையில் நளன். அரிதாரம் கலைத்தபின் அவர் பேருந்துக்குக் காத்திருக்கும் மனிதர். இரண்டும் உண்மை.

இது எங்கோ மேல்நாட்டில் நடக்கும் கூத்து என்று தள்ளிவிடவும் இயலாது. 2022 பிப்ரவரியில், கிருட்டிணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரம் என்ற சிற்றூரில் ஒரு திருமணம் நடந்தது. தாலி கட்டியது ஊரில். வரவேற்பு நடந்ததோ கணினிக்குள் கட்டிய ஒரு மாயக் கோட்டையில்! பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாட்டால் விருந்தினரை அழைக்க வழியில்லை. மணமகன் சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றியவர், ஹாரி பாட்டர் கதையில் வரும் பள்ளியைப் போன்ற அரங்கை அமைத்து, வந்தவர் அனைவரும் தத்தம் வேடத்தில் உலவும்படி செய்தார். முந்தைய ஆண்டு மறைந்துவிட்ட மணமகளின் தந்தையும் அங்கே ஓர் உருவமாக நின்று வாழ்த்தினார். செய்தித்தாள்கள் இதைப் புதுமை என்று எழுதின; சிலர் கேலி செய்தனர். இழந்த தந்தையை மணநாளில் ஒரு முறை காண விரும்பும் மகளைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் வினா வேறு. வரவேற்பு ஒரு மாலையில் முடிந்துவிடும். அடுத்து வரும் ஆயிரம் மாலைகளை என்ன செய்வது?

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்த நகரம் பிரிந்து வாழ்வோரின் நகரம். 1990-ல் டெக்னோபார்க் தொடங்கிய நாள்முதல் கழக்கூட்டம் பக்கம் வாடகை அறைகளில் தங்கி வேலை பார்க்கும் தமிழ் இளைஞர் பலருக்குத் துணைவர் நெல்லையிலோ, நாகர்கோவிலிலோ, சென்னையிலோ இருக்கிறார். வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர் கதை இன்னும் நெடிது. மலையாளத்தில் எஸ். ஏ. ஜமீலின் ‘துபாய்க் கத்துப் பாட்டு’ என்று ஒன்று உண்டு; ஊரில் தனித்திருக்கும் மனைவி கடல் கடந்த கணவனுக்கு எழுதும் கடிதம் அது. அதைக் கேட்டுக் கண் கலங்காத வளைகுடாக் குடும்பம் இல்லை என்பார்கள். இன்று கடிதத்துக்குப் பதில் கைப்பேசி. முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. ஆயினும் என்ன பேசுகிறார்கள்?

"சாப்பிட்டாயா?"

"சாப்பிட்டேன். நீங்கள்?"

"ஆயிற்று. வேறென்ன?"

இந்த ‘வேறென்ன’ என்னும் சொல்லைப் போல இரக்கத்துக்குரிய சொல் தமிழில் வேறில்லை. அன்பு குறைந்ததால் அது பிறப்பதில்லை. சேர்ந்து செய்வதற்கு ஏதுமில்லாமையால் பிறக்கிறது. ஒரே வீட்டில் இருக்கும் கணவனும் மனைவியும் ஓயாமல் பேசிக்கொண்டா இருக்கிறார்கள்? ஒருவர் காய் நறுக்குகிறார், மற்றவர் துணி மடிக்கிறார். நடுவே இரண்டு சொல், ஒரு சிரிப்பு, ஒரு சிறு சண்டை. அமைதியும் அங்கே உறவுதான். தொலைபேசியிலோ அமைதி ஒரு குற்றம். அரை நிமிடம் பேசாமல் இருந்தால், "என்ன கோபமா?" என்று கேள்வி வந்துவிடுகிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். கணவர் சார்ஜாவில். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பிந்திய ஊர். அவர் பணி முடித்து உண்டு அமரும் ஒன்பது மணி, அக்காவுக்குப் பத்தரை. அந்த நேரத்தில் இருவரும் ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்னும் ஆட்டத்துக்குள் நுழைகிறார்கள். பழைய பாணி ஆட்டம். படங்கள் கண்ணைப் பறிக்கமாட்டா. எளிய கைப்பேசியிலும் ஓடும். 2021-ல் அதில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். இருவர் முதல் ஐவர் வரை ஒரு குழுவாகச் சேரலாம். சேர்ந்துவிட்டால் வெளியார் யாரிடமும் எதையும் வாங்கவோ விற்கவோ கூடாது. மீன் வேண்டுமென்றால் தாமே பிடிக்க வேண்டும். வாள் வேண்டுமென்றால் கனிமம் வெட்டி, உருக்கி, தாமே அடிக்க வேண்டும். குழுவுக்கென ஒரு பொதுக் களஞ்சியம் உண்டு. அதை ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது மற்றவர் திறக்க முடியாது. இருவர் மட்டும் இம்முறையில் சேர்ந்தால் அது தனிக்குடித்தனம் அன்றி வேறென்ன? ஈராயிரம் கல் தொலைவில் இருந்துகொண்டு அவ்விருவரும், "நான் நேற்று வைத்த கரியை எடுத்தது யார்?" என்று வழக்காடுகிறார்கள். ‘வேறென்ன’ என்ற சொல் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டதாக அக்கா சொன்னார்.

இடையே ஓர் இயற்பியல் செய்தி, பொறுத்தருள்க. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. திருவனந்தபுரத்துக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தொலைவு சற்றொப்ப மூவாயிரம் கிலோமீட்டர். ஆகவே இங்கிருந்து ஒரு வாள்வீச்சு சிங்கப்பூரில் உள்ள கணினியை அடைந்து திரும்ப, கோட்பாட்டின்படி ஒரு நொடியின் நூறில் மூன்று பங்கு போதும். கம்பிகள் நேராகப் போவதில்லை, இடையில் நிற்குமிடங்கள் பல. ஆதலால் உண்மையில் இன்னும் கூடும். கூடினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் அடங்கிவிடும். திங்கள் கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம்.

"ஆட்டம் குடும்பத்தைக் கெடுக்கும் என்றுதானே கேள்விப்படுகிறோம்?" என்று வினவலாம். அமெரிக்காவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தார் 349 இணையரிடம் இதைக் கேட்டு ஆராய்ந்து 2012-ல் முடிவை வெளியிட்டனர். ஒருவர் மட்டும் ஆடும் இல்லங்களில், ஆட்டத் தோழர்மீது காட்டும் அக்கறையில் சிறிதைத் தம்மீதும் காட்டலாகாதா என்று ஏங்கிய துணைவர் 75 விழுக்காடு. இருவரும் சேர்ந்து ஆடும் இல்லங்களிலோ, ஆட்டத்தால் மணவாழ்வு நலமே பெற்றது என்றவர் 76 விழுக்காடு. எத்தனை மணி நேரம் ஆடினர் என்பதைவிட, அதனால் பூசல் எழுந்ததா, இரவில் ஒருங்கே உறங்கச் செல்லும் வழக்கம் குலைந்ததா என்பவையே கேடு செய்தன என்றும் கண்டனர். ஆட்டத்தால் நெருங்கினரா, நெருங்கியவரே சேர்ந்து ஆடினரா என்பதை இத்தகைய கணக்கெடுப்பு பிரித்துக் காட்டாது என்பதை அறிவியல் பயில்வோர் உடனே சொல்வீர்கள். சரியே. அமெரிக்க வீடு வேறு, நம் வீடு வேறு என்பதும் சரியே. ஆயினும் ‘ஆட்டமே பகை’ என்று அடித்துச் சொல்வோர்க்கு அந்த 76 விடை சொல்லியாக வேண்டும்.

நம் வீடு வேறு என்றேன். எப்படி வேறு? இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-ல் நடந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதில் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். வேறுபாடு 201 நிமிடம். மூன்று மணிக்கும் மேல்! ‘கணவனும் மனைவியும் சேர்ந்து ஆடுங்கள்’ என்று நான் எழுதுவது எளிது. அவளுக்கு எந்த நேரத்தில் ஆட்டம்? அவன் உண்டு முடித்து நாற்காலியில் சாய்ந்து, "வா, அரக்கன் வந்துவிட்டான்" என்று அழைக்கும்போது, அவள் கையில் பாத்திரச் சோப்பு நுரைத்துக்கொண்டிருந்தால், அந்த ஆட்டம் யாருக்கு? சேர்ந்து ஆட வேண்டுமானால் முதலில் சேர்ந்து கழுவ வேண்டும். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஏனெனில் அடுப்பு ஆட்டத்துக்குள்ளும் தொடர்ந்து வருகிறது! இத்தகைய பல ஆட்டங்களில் மூன்று வகைப் பணிகள் உண்டு. முன்னே நின்று அடியைத் தாங்குபவர் ஒருவர், தாக்குபவர் சிலர், பின்னே நின்று காயம் ஆற்றுபவர் ஒருவர். ஹீலர் என்பது அந்தக் கடைசிப் பணிக்கு வழங்கும் பெயர். மனைவியை முதன்முதலாக அழைத்துவரும் கணவன் அவளிடம் ஒப்படைப்பது பெரும்பாலும் எதை? "உனக்கு இது எளிது, என் பின்னாலேயே வா, எனக்கு அடிபட்டால் மருந்து போடு." கணினிக்குள் மலைகளும் கடல்களும் பறவை நாகங்களும் படைத்துவிட்டோம்; மனைவிக்கு மட்டும் பழைய வேலையே! காயம் ஆற்றுவது இழிவென்று நான் கூறவில்லை. கூட்டத்தில் அவரே மிகுந்த கவனம் தேவைப்படும் பணியாளர் என்பதை ஆடியவர் அறிவர். அவளே தேர்ந்தெடுத்தாளா என்பதுதான் என் கேள்வி.

மேலே சொன்ன அக்காவின் கதையிலும் இது நடந்தது. அந்த ஆட்டத்தில் அடிபட்டவர் சமைத்த மீனைத் தின்றால் உடல் தேறும். முதல் இரண்டு மாதம் மீன் பிடித்ததும் சமைத்ததும் அக்கா. அரக்கரை வீழ்த்தி, பெயரும் பொருளும் ஈட்டியது அவர் கணவர். ஒருநாள் அக்கா களஞ்சியத்தில் மீன் வைப்பதை நிறுத்திவிட்டார். வேலைநிறுத்தம்! காரணம் கேட்டவருக்கு, "இங்கே பகலெல்லாம் ஆய்வகம், இரவில் விடுதி மெஸ்ஸில் வரிசை; இதற்கு மேல் உங்களுக்கு மீனும் சுட வேண்டுமா?" என்று விடை கிடைத்தது. மறுநாள் முதல் கணவர் தூண்டிலும் கையுமாகக் கரையில் நின்றார். சமையலில் பயிற்சி குறைந்தவர் சுட்டால் அந்த ஆட்டத்தில் மீன் கருகிவிடும். சிங்கி இறால் கூடை கூடையாகக் கருகிற்று என்று அக்கா சொல்லிச் சிரித்தார். அதற்கு முன் அவர்களுக்குள் இப்படியொரு பேச்சு நடந்ததில்லை என்பதையும் சொன்னார். வீட்டில் கேட்கக் கூசிய கேள்வி, வேடத்தின் மறைவில் வெளிவந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த கணவர் உண்மை அடுப்பிலும் நின்றாராம்; அங்கே என்ன கருகிற்று என்று நான் கேட்கவில்லை.

வேடத்துக்கு இப்படி ஓர் ஆற்றல் உண்டு என்றால், அதற்குரிய ஆபத்தும் உண்டு. அதைத் தமிழன் இன்று புதிதாகக் கற்க வேண்டியதில்லை. சேரநாட்டு இளங்கோ ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டார். புகாரின் கடற்கரையில், இந்திர விழா முடிந்த நேரத்தில், கோவலனும் மாதவியும் அமர்ந்து யாழெடுத்துப் பாடினர். வேறொருத்தியை எண்ணி உருகுபவன் போல அவன் பாடினான். அது பாட்டா, உள்ளமா என்று ஐயுற்ற மாதவி, தானும் வேறொருவனை எண்ணுபவள் போலப் பாடினாள். அவள் பாட்டை அவன் மெய்யென்று கொண்டான், எழுந்து போனான், திரும்பவில்லை. மதுரை எரிந்ததற்குக் காரணம் சிலம்பு என்கிறோம், பொற்கொல்லன் என்கிறோம், ஊழ்வினை என்கிறோம். தொடக்கம் என்னவோ, இருவர் வேடம் புனைந்து ஆடிய ஆட்டத்தில், வேடத்தின் சொல் எது, ஆளின் சொல் எது என்று தெளியாமல் போனதுதான்.

இணைய ஆட்டத்தில் இந்தக் கடற்கரை ஒவ்வோர் இரவும் விரிகிறது. குழுவில் பிறரும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மனைவியின் திறமையைக் கணவன் முன்னிலையில் புகழ்கிறார். வேறொருத்தி கணவனுக்கு அரிய வாள் ஒன்றைப் பரிசளிக்கிறாள். அது ஆட்டமா, உள்ளமா? ஐயம் பிறந்தால் யாழைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுவிட வேண்டும். கோவலன் கேட்கவில்லை, மாதவியும் கேட்கவில்லை. பாட்டுக்குப் பாட்டே விடையாகிப் போனது. சேர்ந்து ஆடும் இணையர் தமக்குள் ஒரு சொல்லை வகுத்துக்கொள்ளலாம். அச்சொல்லைச் சொன்னால் வேடம் களைந்து பேசுகிறோம் என்று பொருள். அக்கா வீட்டில் அந்தச் சொல் ‘சாம்பார்’ என்பதாகும். காப்பியத்துக்கு உகந்ததன்று, ஆனால் பயன்படுகிறது.

மற்ற கேடுகளை விரைந்து சொல்லி முடிக்கிறேன். அவற்றைப் பற்றி எழுத நம் பக்கங்களில் வேறு பலர் உளர். ஆட்டத்துக்கு அடிமையாதலை உலக நலவாழ்வு நிறுவனம் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 முதல் அப்பட்டியல் நடைமுறையில் உள்ளது. இருவரும் சேர்ந்து அடிமையானால் தட்டிக்கேட்க வீட்டில் ஆளில்லை. பசித்த குழந்தைதான் கேட்க வேண்டும். பணம் கட்டி ஆடும் சூதாட்டம் வேறு வகை. தமிழ்நாட்டில் ரம்மியால் உயிர்கள் போனபின், நீதியரசர் சந்துரு தலைமையில் 2022-ல் குழு அமைத்து அரசு சட்டம் செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பண ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் நிறைவேற்றியது. நான் பேசும் ஆட்டத்தை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இங்கும் ஒப்பனைக்கும் ஆடைக்கும் அரிய வாளுக்கும் நிறுவனங்கள் விலை வைத்து ஆசை காட்டுகின்றன. பொதுக் களஞ்சியம் வைத்திருக்கும் இணையர்க்குப் பொதுப் பணப்பையும் இருக்குமல்லவா? ஒருவர் ஒளித்து வாங்கும் மந்திரக்கோல், ஒளித்து வாங்கும் எந்தப் பொருளையும் போன்றதே.

சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சியில் 1967-ல் சட்டம் வந்தது. அதற்கும் பல்லாண்டு முன்பே அத்தகைய மணங்களின் அழைப்பிதழ்களில் ‘வாழ்க்கை ஒப்பந்தம்’ என்ற சொல் ஏறிவிட்டது. ஆணும் பெண்ணும் நிகரான தோழர்கள் என்று மேடையில் முழங்கினோம், மாலை மாற்றினோம். தோழர்கள் என்றால் சேர்ந்து என்ன செய்வார்கள்? படிப்பார்கள், வேலை செய்வார்கள், விளையாடவும் செய்வார்களே! நம் வகுப்புத் தோழனோடு நட்பு எப்படி வளர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். அவனுடைய குணநலன்களைப் பட்டியலிட்டு ஆராய்ந்தா? பந்து பொறுக்கி, தோற்று, ஏமாற்றி, பிடிபட்டு, சிரித்துத்தானே? ஒருவன் தோற்கும்போது எப்படி நடந்துகொள்கிறான் என்பது எந்தச் சாதகக் கட்டத்திலும் இல்லை. பெண் பார்க்கும் சடங்கில் பாடச் சொல்கிறார்கள். அதைவிட இருவரையும் ஒரு மணி நேரம் ஓர் அரக்கனிடம் தோற்க விட்டுப் பார்க்கலாம்.

மணமாகாத நான் இவ்வளவு பேசலாமா என்று கேட்கும் தோழர்க்கு ஒன்று சொல்வேன்: மணமாகாதவன் பேசுவதால்தான் அச்சமின்றிப் பேச முடிகிறது.

நம் மன்றத்தின் பொங்கல் விழாவுக்குக் கோலப்போட்டியும் உறியடியும் கயிறிழுத்தலும் ஆண்டுதோறும் வைக்கிறோம். மணமான ஆய்வு மாணவர் சிலர் குடும்பத்தோடு வருகிறார்கள். வந்து நாற்காலியில் அமர்ந்து கைதட்டிவிட்டுப் போகிறார்கள். வரும் விழாவில் இணையர்க்கென ஓர் ஆட்டம் சேர்க்கலாம் என்று செயற்குழுவுக்கு முன்மொழிகிறேன். துறைக் கணினிகளைத் தரமாட்டார்கள். விடுதியில் மடிக்கணினி வைத்திருப்போர் நால்வர் ஒரு பிற்பகல் கடன் தந்தால் போதும். வெளியூரில், வெளிநாட்டில் துணைவர் உள்ளவர்கள் அங்கிருந்தே சேரட்டும். விதி ஒன்று மட்டும் வைப்போம். முன்னே நின்று அடி தாங்குவது மனைவி. பின்னே நின்று மருந்து போடுவது கணவன். பெயர் கொடுக்க விரும்புவோர் பொங்கலுக்கு இரு வாரம் முன்னதாகச் செயலாளரிடம் தெரிவிக்கலாம். அன்றைய பாத்திரங்களைக் கழுவ மணமாகாதவர் சார்பில் நான் பெயர் கொடுத்திருக்கிறேன்.